கண்டதா, கேட்டதா

பட்டாள அதிகாரிகள் எங்கள் பூதப்பாண்டி வீட்டுப் பட்டாசாலையில், அதாவது முன்கூடத்தில், பாய் விரித்து உட்கார்ந்து பாடம் படித்தார்கள் என்றால் இப்போது யாரும் நம்பமாட்டார்கள். ஆனால் அது நான் கண்டது. முழுக்கக் கண்டேன் என்று சொல்ல முடியாது. அடுக்களைக் கதவுக்குப் பின்னால் நின்று எவ்வளவு காணலாமோ அவ்வளவு கண்டேன்.

என் வீட்டுக்காரர் நாகர்கோவிலில் ஒரு காலேஜில் சரித்திரம் சொல்லிக்கொடுத்தார். வெள்ளைக்காரன் போனபிறகு, பட்டாளத்தில் பெரிய உத்தியோகத்துக்குப் போகிறவர்களுக்கென்று ஒரு படிப்பு வைத்திருந்தார்கள். ஆட்களைத் தலைமை தாங்கி நடத்துவது எப்படி, ஒரு நாடு இன்னொரு நாட்டோடு எப்படிப் பழகுகிறது, எதனால் பகைக்கிறது, இதெல்லாம் அந்தப் படிப்பில் உண்டு என்று அவர் சொல்லுவார். படிக்கிற ஒவ்வொருவரும் ஏதாவது ஒரு விஷயத்தைத் தாங்களே ஆராய்ந்து எழுதிக் கொடுக்க வேண்டும். ஆராய்ச்சி என்றால் என்ன, அதை எங்கே தொடங்குவது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. அதைச் சொல்லிக்கொடுக்கத்தான் இவரைக் கேட்டுக்கொண்டார்கள்.

கோடை லீவில் காலேஜ் பூட்டிக் கிடக்கும். அதனால் அதிகாரிகள் கன்னியாகுமரியில் தங்கிக்கொண்டு காலையில் ஜீப்பில் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். ஆரல்வாய்மொழி பக்கத்தில் இருந்ததும் ஒரு காரணம். ராஜா காலத்தில் அங்கே சௌக்கை இருந்தது. வெள்ளைக்காரன் ஆண்ட பாண்டிப் பக்கமிருந்து வருகிற வண்டிகளை நிறுத்தி, மூட்டையை அவிழ்த்துப் பார்த்துச் சுங்கம் வாங்குவார்கள். திருவிதாங்கூர் இந்தியாவோடு சேர்ந்தபிறகு அதை எடுத்துவிட்டார்கள். இரண்டு நாட்டுக்கு நடுவில் இருந்த கோடு அழிந்தால் ஜனங்களுக்கு என்ன ஆகிறது என்று பார்க்க அதைவிட நல்ல இடம் கிடையாது என்று இவர் அவர்களை அங்கே அனுப்பி விசாரிக்கச் சொல்லுவார்.

வாசலில் பூட்சுகள் வரிசையாக இருக்கும். எல்லாம் முகம் பார்க்கிற பளபளப்பு. அந்த வரிசையைக் கண்டபிறகு நான் முன்னால் போகமாட்டேன். காப்பித் தம்ளர்களைத் தட்டோடு நிலைப்படியில் வைத்து, வளையலைக் கதவில் ஒரு தட்டு தட்டிவிட்டு உள்ளே ஓடிவந்துவிடுவேன். அவர்களில் ஒருவர் முகமாவது சரியாகப் பார்த்தேனா என்றால் இல்லை.

அடுக்களையில் என்னோடு மைனி இருப்பாள். என் அண்ணன் பெண்டாட்டி. எனக்கு எவ்வளவு வாய் இல்லையோ அவ்வளவும் அவளுக்கு இருந்தது. இரண்டுபேரும் நாலாம் கிளாஸ்தான் படித்தோம். ஆனால் அவள் பேசினால் எட்டு கிளாஸ் படித்த மாதிரி இருக்கும்.

அண்ணன் சண்டைக்காலத்தில் பட்டாளத்தில் சேர்ந்து கப்பலேறினவன். கல்யாணம் கழிந்து ஒரு வருஷம் ஆகவில்லை. மைனிக்கு ஊர் அஞ்சுகிராமம். பனைக்கு நடுவில் பிறந்தவள். அவன் புறப்படும்போது தன் கையாலேயே ஓலையில் ஒரு சின்ன மூடுபெட்டி முடைந்தாள். விளிம்பு கையைக் கீறாமல் இருக்க, தன் பச்சைப் புடவையில் ஒரு துண்டு கிழித்து மூடியைச் சுற்றித் தைத்தாள். அதில் கருப்பட்டி நிறைத்து அவன் பைக்குள் வைத்தபோது அங்கே நானும் அவளும் அண்ணனும்தான் இருந்தோம். பட்டாளத்துக்காரன் பைக்குள் ஓலைப்பெட்டியா என்று அவன் சிரித்தான். ஆனால் எடுத்து வெளியே வைக்கவில்லை.

சிங்கப்பூரை ஜப்பான்காரன் பிடித்தபிறகு அண்ணனிடமிருந்து ஒன்றும் வரவில்லை. காணவில்லை என்று சர்க்காரிலிருந்து காகிதம் வந்தது. சண்டை முடிந்து தோவாளைக்காரர் ஒருவர் திரும்பி வந்தார். ஏதோ ஒரு தீவில், ஜப்பான்காரன் முகாமில், அண்ணன் காய்ச்சலில் போய்விட்டான் என்று அவர் சொன்னார். வீட்டில் அழுகை எழும்பிவிட்டது. பெண்கள் வந்து மைனியைச் சுற்றி உட்கார்ந்தாகிவிட்டது. என் வீட்டுக்காரர் அந்த மனிதரைத் தனியாக அழைத்துக்கொண்டு போய், இது நீங்கள் கண்டதா, கேட்டதா என்று விசாரித்தார். கேட்டதுதான். அவரிடம் சொன்னவரும் இன்னொருவரிடம் கேட்டதுதான். கண்டவர் யாருமில்லை. இவர் வந்து அதைப் பெண்களுக்கு முன்னால் அப்படியே சொன்னார்.

அன்றைக்கு மைனியின் கழுத்தில் தாலி தங்கியது.

அதற்குப் பிறகு அவள் எங்களோடுதான் இருந்தாள். அந்தக் கேள்வியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். அவளுடைய அப்பா அஞ்சுகிராமத்திலிருந்து வரும்போதெல்லாம், போனவனுக்குக் கருமாதி செய்யாமல் வைத்திருப்பது நல்லதில்லை, அவன் ஆத்மா அலையும் என்பார். மைனி முறத்தைக் கீழே வைக்காமலே கேட்பாள்.

“அப்பா, நீங்க கண்டியளா?”

“நான் எப்பிடிட்டி காணுவேன்? கடலுக்கு அந்தாலல்லா?”

“அப்பம் சும்மா இருந்து ரசவடையத் தின்னுங்கோ.”

அவர் தின்பார். அடுத்த தடவை வந்து மறுபடியும் அதையே சொல்லுவார்.

மீன்காரியையும் விடமாட்டாள். கடற்கரையிலிருந்து ஒருத்தி தலையில் கடவப்பெட்டி சுமந்து வருவாள். காலையில் பிடித்த மீன் என்று அவள் சொல்லி வாயை மூடுவதற்குள் மைனி செவுளைத் தூக்கிச் சிவப்பு இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே, “நீ கண்டதா, கேட்டதா?” என்பாள்.

“என்னையா தாயே கட்டுமரத்துல ஏத்திக்கிட்டுப் போறாவ? எங்க வீட்டு ஆளு சொன்னாரு.”

“அப்பம் கேட்டதுதான். வெலையக் கொற.”

மீன்காரி சிரித்துக்கொண்டே குறைப்பாள். இரண்டுபேருக்கும் அது ஒரு விளையாட்டு. என் அண்ணன் உயிரோடு இருக்கிறான் என்பது அந்தக் கேள்வியில்தான் தொங்கிக்கொண்டிருந்தது என்பது மீன்காரிக்குத் தெரியாது.

அதிகாரிகள் வரத் தொடங்கிய முதல் கோடையில் மைனிக்கு இன்னும் தைரியம் வந்துவிட்டது. பாடம் எல்லாம் இங்கிலீஷில் நடக்கும். மத்தியானம் இவர் சாப்பிட உட்காரும்போது, இன்றைக்கு என்ன சொல்லிக்கொடுத்தீர்கள் என்று அவள் கேட்காமல் இருக்கமாட்டாள். இவருக்கும் சொல்லப் பிடிக்கும். ஆரல்வாய்மொழியில் ஒரு அதிகாரி கடைக்காரர் ஒருவரிடம் போய், சௌக்கை போனதில் உங்களுக்குச் சந்தோஷம்தானே என்று கேட்டாராம். கடைக்காரர் சந்தோஷம் என்றாராம். மறுநாள் இன்னொரு அதிகாரி அதே ஆளிடம் போய், சௌக்கை போனபிறகு வியாபாரம் எப்படி என்று மட்டும் கேட்டாராம். முன்பெல்லாம் வண்டிகள் காத்துக் கிடக்கும், கடையில் வியாபாரம் நடக்கும், இப்போது ஒருத்தனும் நிற்காமல் போகிறான் என்று கடைக்காரர் ஒருபாடு நேரம் புலம்பினாராம். கேட்கிற கேள்விக்குள்ளேயே பதிலை வைக்கக்கூடாது, தனக்குப் பிடித்த பதிலைக் கேட்கிற தலைவனுக்குக் கீழே இருக்கிறவர்கள் பொய்தான் சொல்லுவார்கள் என்று அன்றைக்கு அவர்களுக்குச் சொன்னேன் என்றார்.

இன்னொரு நாள், ஒரே ஆள் சொன்னதை வைத்து எழுதாதே, ஒருவரோடு ஒருவர் பேசி வைத்துக்கொள்ளாத இரண்டுபேர் சொல்ல வேண்டும் என்று சொல்லிக்கொடுத்ததைச் சொன்னார். அந்த இரண்டுபேரும் அச்சடித்த மாதிரி ஒன்றுபோலச் சொன்னால் அங்கேயும் சந்தேகப்படு. கண்ணால் கண்டவர்கள் சொல்லும்போது கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். அதுதான் நிஜத்துக்கு அடையாளம். மைனி கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு அதைக் கேட்டுக்கொண்டு நின்றாள். மோர் ஊற்ற மறந்துவிட்டாள்.

அடுத்த வருஷக் கோடையில்தான் அவள் அதைக் கேட்டாள். இவர் கை கழுவிவிட்டு வந்தார். இவரை அவள் அண்ணன் என்றுதான் கூப்பிடுவாள்.

“அண்ணன், உங்க பட்டாளக்காரங்களுக்கு நம்ம காரியத்தக் குடுத்தா என்ன? தேடுகதுக்குத்தானே படிக்கியாவ?”

இவர் துண்டால் கையைத் துடைத்தார். துடைத்த கையையே மறுபடியும் துடைத்தார்.

“தங்கச்சி, ஆராய்ச்சிங்கது வக்கீல் இல்ல. நம்ம பக்கம் பேசாது.”

“பேசாண்டாம். உள்ளதக் கண்டு வந்து சொன்னாப் போரும்.”

இவர் அப்போது சரி என்று சொல்லவில்லை. சில நாள் சாப்பாட்டுக்கு வந்தால் பாடத்தைப் பற்றிப் பேசாமல் போனார். என்னிடம் மட்டும், உன் மைனி தேடினால் ஆள் கிடைப்பான் என்று நினைக்கிறாள் என்றார். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிறகு ஒருநாள் பட்டாசாலையில் அதைக் கொடுத்துவிட்டார். பெயர் இல்லாமல், ஊர் இல்லாமல், ஒரு பட்டாளத்துக்காரன் காணாமல் போயிருக்கிறான், செத்தான் என்று கேட்டவன் ஒருவன்தான் இருக்கிறான், எப்படித் தேடுவீர்கள் என்று. ஆளுக்கு ஒன்று சொல்லி இங்கிலீஷில் சத்தமாக வாதாடினார்கள். கடைசியில் ஒரு அதிகாரி, இதையே நான் எடுத்து எழுதுகிறேன் என்றார். அவர் கோட்டயத்துப் பக்கத்து மலையாளி. சண்டையிலும் இருந்தவர். அப்போது இவர், இது கதை இல்லை, என் வீட்டுக் காரியம் என்று அவரிடம் மட்டும் சொன்னார்.

அவர் மைனியைப் பார்த்துப் பேச வந்தார். பட்டாசாலைக்கும் அடுக்களைக்கும் நடுவில் இருந்த கதவை அன்றைக்குப் பாதி திறந்து வைத்தோம். அவர் அந்தப்பக்கம், மைனி இந்தப்பக்கம், அவளுக்குப் பின்னால் நான். மலையாளமும் தமிழும் கலந்து பேசினார். எங்களுக்கு அது புரியாத பாஷை இல்லை. சர்க்கார் கச்சேரியில் அப்போதெல்லாம் மலையாளம்தானே. அவர் படித்தபடியே கேட்டார். ஆள் எப்படிப்பட்டவர், நினைவில் வருவதைச் சொல்லுங்கள் என்று மட்டும் கேட்டுவிட்டுச் சும்மா இருந்தார். மைனி சொன்னாள். அண்ணன் இடதுகாலைக் கொஞ்சம் விரித்து நடப்பான். கத்தரிக்காய் ஆகாது. தூங்கும்போது கையைத் தலைக்கு வைத்துக்கொள்வான். கோபம் வந்தால் பேசமாட்டான், தண்ணீர் குடிப்பான்.

ஓலைப்பெட்டியைப் பற்றி மட்டும் அவள் சொல்லவில்லை.

அவர் போனபிறகு நான் அவளைப் பார்த்தேன். அவள் குரலைத் தாழ்த்தி, “ஏட்டி, அது நம்ம கையில இருக்கட்டு” என்றாள். “நாளைக்கு எவனாவது வந்து செத்துப்போனான்னு கத சொன்னாம்னு வையி, பெட்டியக் கேப்பேன். முழிப்பான். நீ வாயத் தொறந்திராதே.”

“நான் எப்பம் தொறந்தேன்?”

“அதுவும் உள்ளதுதான்” என்று சொல்லிச் சிரித்தாள். நானும் சிரித்தேன். அவ்வளவு சந்தோஷமாக அவளை நான் அதற்கு முன்னாலும் கண்டதில்லை, பின்னாலும் கண்டதில்லை.

அந்த வருஷம் முழுவதும் அவள் அப்படித்தான் இருந்தாள். அண்ணன் வந்தால் வீடு இருக்கிற இருப்பில் எங்கே படுப்பான் என்று யோசித்து, மச்சில் கிடந்த தேங்காயை எல்லாம் இறக்கி, தரையை மெழுகினாள். அவளுடைய அப்பா வந்தபோது, பட்டாளத்து அதிகாரியே தேடுகிறார், இனி நீங்கள் கருமாதி பேச்சை எடுக்கக்கூடாது என்றாள். அவரும் எடுக்கவில்லை. ரசவடையைத் தின்றுவிட்டு, மகள் முகத்தைப் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டுப் போனார்.

அடுத்த கோடையில் புதிய அதிகாரிகள் வருவதற்கு முன்னாலேயே அந்த மலையாளத்து அதிகாரி தனியாக வந்தார். பஸ்ஸில் வந்து இறங்கி நடந்து வந்தார். நான் வாசலுக்குச் சாணி கரைத்துக்கொண்டு போனபோது அங்கே ஒரே ஒரு ஜோடி பூட்ஸ் இருந்தது. எல்லாப் புழுதியும் அதில் இருந்தது. துடைக்காத பட்டாளத்து பூட்ஸை நான் அன்றைக்குத்தான் முதலில் பார்த்தேன். வாளியை அங்கேயே வைத்துவிட்டு உள்ளே வந்தேன்.

இவர் எங்கள் இரண்டுபேரையும் பட்டாசாலைக்கே கூப்பிட்டார். நான் மைனியின் புடவை முனையைப் பிடித்துக்கொண்டு போனேன். அவள் தூணருகில் நின்றாள்.

தோவாளைக்காரர் சொன்ன முகாமில் இருந்து திரும்பினவர்கள் யார் யார் என்று பட்டாளத்தில் தேடிப் பிடித்தேன் என்று அதிகாரி சொன்னார். தன் லீவில் நேரிலேயே போயிருக்கிறார். ஒருவர் சேலத்துப் பக்கம், இன்னொருவர் பாலக்காட்டுக்கு அந்தப்புறம். முகாமில் பழகினவர்கள்தான், ஊர் திரும்பியபிறகு ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை. அண்ணன் பெயரை அவர் வாயிலிருந்து விடவில்லை. உங்களோடு இருந்த திருவிதாங்கூர் ஆட்களைப் பற்றி நினைவிருப்பதைச் சொல்லுங்கள் என்று மட்டும்தான் கேட்டிருக்கிறார். இரண்டுபேரும் நாகர்கோவில் பக்கத்துக்காரன் ஒருவனைச் சொன்னார்கள். கடல் தண்ணீரைக் காய்ச்சி உப்பு எடுப்பானாம். காய்ச்சலில் கிடக்கிறவர்கள் நாக்கில் ஒரு துளி வைப்பானாம். அவனை உப்புக்காரன் என்றே கூப்பிடுவார்களாம். கடைசியில் அவனும் காய்ச்சலிலேயே போய்விட்டானாம். அந்த உப்பை ஒரு சின்ன ஓலைப்பெட்டியில் வைத்திருந்தானாம்.

மைனியின் கை தூணைப் பிடித்தது. என் வீட்டுக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. என்ன பெட்டி என்று என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

“அவுங்க கண்டதா, கேட்டதா?” என்று மைனி கேட்டாள்.

“கண்டதாணு, சேச்சி. ஒருத்தர் குழி வெட்டினவர். மற்றவர் எடுத்துக்கொண்டு போனவர்.”

“ரெண்டு பேரும் ஒண்ணுபோலயா சொன்னாவ?”

இவர் கண்ணை மூடிக்கொண்டார். அவள் எதற்காக அதைக் கேட்டாள் என்று எங்கள் மூன்றுபேருக்கும் தெரியும். அச்சடித்த மாதிரி ஒன்றாக இருந்தால் இன்னும் சந்தேகப்படலாம். இவர்தான் அவளுக்கு அதைச் சொல்லிக்கொடுத்தார்.

அதிகாரி பொய் சொல்லியிருக்கலாம். அவர் சொல்லவில்லை. “இல்லா. ஒருத்தர் காலம்பற போனதுன்னு சொன்னார். மற்றவர் உச்சைக்குன்னு சொன்னார். பெட்டி மூடியில பச்சைத் துணி தைச்சிருந்ததுன்னு ஒருத்தர். மற்றவருக்குத் துணி ஓர்மை உண்டு, நிறம் மறந்துபோச்சு.”

மைனி தூணைப் பிடித்த கையை எடுத்தாள்.

“பெட்டி என்ன ஆச்சு?” என்றாள் மைனி.

“பின்னையும் எல்லாரும் அதிலதான் உப்பு வச்சிருந்தாங்க. கடைசியில பிஞ்சு போச்சு.”

“ஓலைதானே” என்றாள். பிறகு, “சாப்பிட்டியளா?” என்று அவரிடம் கேட்டாள். “ஏட்டி, இலை போடு” என்று என்னிடம் சொல்லிவிட்டு அவளே உள்ளே போய் வடித்த சோற்றை எடுத்து வந்து பரிமாறினாள். அந்த மனிதர் குனிந்த தலை நிமிராமல் நாலு வாய் தின்றார். இலைக்கு உப்பு வைக்கிற இடத்தில் அவள் கை கொஞ்சம் நின்றது. அப்புறம் வைத்துவிட்டாள்.

அடுக்களைக்குத் திரும்பி வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். “ஒளிச்சு வச்சேம் பாத்தியா” என்றாள். “அதே வந்து சொல்லிட்டுது.”

அதற்குமேல் அவள் சொன்னது எனக்குக் கேட்கவில்லை. என் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

அஞ்சுகிராமத்திலிருந்து பெண்கள் வந்தார்கள். செய்ய வேண்டியதைச் செய்தார்கள். எத்தனையோ தடவை கருமாதி செய்யச் சொன்ன அவளுடைய அப்பா, கிணற்றடியில் போய் உட்கார்ந்துகொண்டு வீட்டுக்குள் வரமாட்டேன் என்றுவிட்டார். தாலியை யாரும் தொட வேண்டாம் என்று மைனி சொன்னாள். தானே கழற்றி, அதைக் கையில் வைத்துப் பார்த்துவிட்டு, என் கையில் தந்தாள். சுமங்கலி கையில் கொடுக்கக்கூடாது என்று ஒரு கிழவி தடுத்தாள். நான் வாங்கிக்கொண்டேன். அவ்வளவு பெண்களுக்கு முன்னால் நான் கையை நீட்டினது அந்த ஒரு தடவைதான்.

என் வீட்டுக்காரர் அதற்குப் பிறகும் அதிகாரிகளுக்குச் சொல்லிக்கொடுத்தார். சொல்லிக்கொடுத்ததில் தப்பு ஒன்றும் இல்லையே. அந்த மலையாளத்து அதிகாரி எழுதினதுதான் அந்த வருஷம் நன்றாக இருந்தது என்று எல்லாரும் சொன்னார்களாம். இவர் அதை மைனியிடம் சொல்லவில்லை. என்னிடம் சொன்னார், சொன்னபிறகு ஏன் சொன்னோம் என்பது போல எழுந்து போனார். கேட்டுக் கேட்டு எங்களுக்கும் சில இங்கிலீஷ் வார்த்தைகள் பழகியிருந்தன. கண்டதையும் கேட்டதையும் பிரித்துச் சொல்லுகிற அந்தப் பாடம் எப்போது வரும் என்று மைனிக்குத் தெரியும். அந்த நேரத்துக்கு அவள் அம்மியில் எதையாவது வைத்து அரைக்கத் தொடங்குவாள். சாப்பாட்டுக்கு வந்தால் இவரும் பாடத்தைப் பற்றிப் பேசுவதில்லை, அவளும் கேட்பதில்லை. மோர் மட்டும் மறக்காமல் ஊற்றினாள்.

எங்கள் தாலுகாக்களை மதராஸோடு சேர்த்த வருஷம் அது. ஊரில் வெடி போட்டார்கள். அந்தச் சமயத்தில் ஒருநாள் மீன்காரி வந்தாள். நடந்தது எல்லாம் அவளுக்குத் தெரியும். இருந்தாலும் மைனியைப் பழையபடி பேசவைத்துவிட வேண்டும் என்று நினைத்தாளோ என்னவோ, கடவத்தை இறக்கும்போதே தொடங்கிவிட்டாள்.

“இன்னைக்குள்ள மீனு தாயே. கரையில நான் நின்னு, என் கண்ணால கண்டு வாங்கினது.”

சொல்லிவிட்டு மைனியின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். மைனி சட்டியை நீட்டினாள்.

“செரி, போடு” என்றாள்.

செவுளைத் தூக்கிப் பார்க்கவில்லை. விலையும் பேசவில்லை. மீன்காரி என்னைப் பார்த்தாள். சட்டியை வாங்கிக் கழுவக் கொண்டுபோனது நான்தான். செவுள் வெளுத்துப்போயிருந்தது.